ஆயில் டேங்கிலிருந்து பம்ப் வரை: பழைய ட்ரையம்பில் மூன்று வார வேலை

1969 ட்ரையம்ப் 650 பைக்கின் இன்ஜினை மூடி ஃப்ரேமில் ஏற்றியாகிவிட்டது. இனி ஆயில் டேங்க், இரண்டு ஹோஸ், அவ்வளவுதானே, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது.

இந்த வண்டி டிரை சம்ப் வகை. ஆயில் இன்ஜினுக்கு அடியில் தங்குவதில்லை. சீட்டுக்குக் கீழே தனி டேங்கில் இருக்கிறது. அங்கிருந்து தன் எடையாலேயே ஒரு ஹோஸ் வழியாகப் பம்புக்கு இறங்கும். பம்பில் இரண்டு பிளஞ்சர்கள், அதாவது மேலும் கீழும் ஓடும் தண்டுகள். ஒன்று ஆயிலைக் கிராங்குக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தள்ளும். இன்னொன்று சம்பில் (இன்ஜினின் அடிப்பகுதி) விழுந்ததை உறிஞ்சி டேங்குக்குத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பும் பிளஞ்சர் சற்றுப் பெரியது, சம்ப் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக. பழைய புல்லட்டும் இதே முறைதான். ஆனால் அதில் ஆயில் அறை கிராங்க்கேஸ் (கிராங்க் இருக்கும் இன்ஜின் கூடு) வார்ப்போடு சேர்ந்தே இருப்பதால் டேங்கிலிருந்து வரும் ஹோஸ் என்ற தொல்லை இல்லை.

முதலில் டேங்க். அடியில் தார் போல ஒரு விரற்கடை கசடு. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டேன். பிறகு ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். போட்ட நட்டுகளை எண்ணி வைத்து, அதே எண்ணிக்கையை வெளியே எடுத்த பின்தான் மூச்சு விட்டேன். மணல் வீசிச் சுத்தம் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. மடிப்புகளில் ஒரு துகள் தங்கினாலும் பேரிங் போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன். வெளிவாயில் இருக்கும் வலை ஃபில்டர் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. கழுவி, புது வாஷரோடு மாட்டினேன்.

பழைய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நீளவாக்கில் கீறிப் பார்த்தால் உட்சுவர் பிரிந்து தோல் போலத் தொங்குகிறது. பம்ப் உறிஞ்சும்போது அது மடங்கி வழியை அடைத்திருக்கும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ், 8 மி.மீ. உள்விட்டம், வாங்கிப் போட்டேன். கிளிப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திருகும் பட்டையில் பல் வெட்டிய கிளிப் ரப்பரைக் கடித்துவிடும். உட்புறம் வழுவழுப்பான கிளிப்தான் சரி.

இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆயில் பிரஷர் சுவிட்சையும் எடுத்துவிட்டுக் கிக் செய்யத் தொடங்கினேன். அந்த ஓட்டையில் ஆயில் வந்தால் பம்ப் தள்ளுகிறது என்று அர்த்தம். ஐம்பது கிக். ஒரு சொட்டுக்கூட இல்லை. காற்று அடைத்திருக்கும் என்று நினைத்து, பம்புக்குப் போகும் ஹோஸை இன்ஜின் பக்கம் கழற்றினேன். டேங்க் நிறைய ஆயில் இருக்கிறது. ஹோஸ் காய்ந்து கிடக்கிறது! பக்கத்து ஹோஸைக் கழற்றியதும் கொட்டியது. ஒரே நிறம், ஒரே அளவு, அருகருகே இரண்டு குழாய்கள்: இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன். திரும்பிவரும் குழாய் டேங்கில் ஆயில் மட்டத்துக்கு மேலே முடிவதால் பம்புக்கு வெறும் காற்றுதான் கிடைத்திருக்கிறது. பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்திருந்தால்? நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. இப்போது பம்புக்குப் போகும் ஹோஸின் இரு முனையிலும் மஞ்சள் பெயிண்ட்.

மாற்றி மாட்டி, ஹோஸில் ஆயில் நிரம்பி வழிந்த பிறகு கிளிப்பை இறுக்கினேன். சுமார் இருபது கிக்கில் சுவிட்ச் ஓட்டையில் ஆயில் எட்டிப் பார்த்தது. அப்புறம் ஸ்டார்ட் செய்து, டேங்க் மூடியைத் திறந்து திரும்பிவரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் தொடர்ந்து வந்தது. சம்ப் காலியானதும் காற்றோடு கலந்து விட்டு விட்டுத் துப்பியது. அதுதான் வேண்டும்.

மிச்சம் ஒரு பிரச்சினை. பத்து நாள் நின்ற வண்டியின் சம்பைத் திறந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். பம்பின் பால் வால்வு (ஒரு சிறு குண்டு உட்கார்ந்து வழியை மூடும் வால்வு) சரியாக உட்காராமல் ஆயில் கசிந்து கீழே இறங்குகிறது. இப்படி நின்ற வண்டியில் டேங்க் மட்டம் குறைந்திருக்கிறதே என்று மேலும் ஊற்றிவிடக் கூடாது. ஓட்டி நிறுத்தியதும்தான் மட்டம் பார்க்க வேண்டும்.

இதற்குச் சிலர் ஹோஸில் திருகித் திறந்து மூடும் ஒரு வால்வு வைத்து, வண்டி நிற்கும்போது மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாள் திறக்க மறந்தால் இன்ஜின் போச்சு. பம்பைக் கழற்றி, குண்டு உட்காரும் இடத்தைத் துடைத்து, புதுக் குண்டை வைத்துப் பித்தளைக் கம்பியால் மெதுவாக ஒரே தட்டு. ஸ்பிரிங்குகளும் புதிது. மறுபடி பத்து நாள் நிறுத்தி அளந்தேன்: 150 மி.லி. இந்த வயசு வண்டிக்கு அது போதும்.

அடுத்து ஒரு காகித ஃபில்டர் வைக்கப்போகிறேன், திரும்பிவரும் ஹோஸில் மட்டும். பம்புக்குப் போகும் வழியில் எதையும் குறுக்கே வைக்க மனம் வரவில்லை.