ஹார்னெட்டைப் பொம்மையாகத் தெரியாமல் படம் பிடிக்க ஆன இரண்டு மாதம்

முதல் நாள் எடுத்த அறுபது படங்களையும் அன்று ராத்திரியே அழித்துவிட்டேன். எல்லாமே நின்றபடி எடுத்தவை. செம்மண்ணில் ஒரு பொம்மை கிடக்கிறது, ஏதோ பிள்ளை விளையாடிவிட்டு மறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது.

வண்டி டாமியா ஹார்னெட், ரிமோட்டில் ஓடுகிற பொம்மைக் கார். 1984-இல் வந்த மாடல், 2004-இல் திரும்ப வெளியிட்டார்கள், என்னிடம் இருப்பது அந்த இரண்டாவது வகை. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு, நாற்பது செ.மீ. நீளம், 540 என்கிற வகை மின்மோட்டார், பின்சக்கரம் மட்டும் இழுக்கும். கறுப்பு மேல்கூட்டுக்குள் ஹெல்மெட் போட்ட ஓட்டுநர் பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கும். கேமரா பழைய கேனன் 700டி, கூடவே வந்த 18-55 லென்ஸ், அப்புறம் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்ட ஒரு 55-250. ரிமோட் பிடிக்க அக்கா மகன், ஏழாவது படிக்கிறான், என்னைவிட நன்றாகவே ஓட்டுவான்.

நிஜக் காரை நாம் எப்போதும் நம் கண் உயரத்தில்தான் பார்க்கிறோம், மாடியிலிருந்து பார்த்தால்தான் அது தீப்பெட்டி மாதிரி தெரியும். ஹார்னெட்டுக்கு முன்னால் நான் நின்றால் அது நாலைந்து மாடி உயரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்த ஓட்டுநர் பொம்மையின் கண் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை, லென்ஸும் அங்கேதான் இருக்க வேண்டும். 700டி-யில் திரையை வெளியே திருப்பிக்கொள்ளலாம் என்பதால் நிற்கிற வண்டிக்குக் குப்புறப் படுக்க வேண்டியதில்லை. போனில் எடுப்பவர்கள் போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கிவிடும். இது ஒன்றிலேயே பாதி வித்தியாசம் வந்துவிட்டது.

மீதிப் பாதி எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று வாரம் ஆனது. காரைக்குடிக்கு வெளியே வற்றிக் கிடந்த ஒரு ஊரணிக்குள் இறங்கி எடுத்துக்கொண்டிருந்தோம். உயரம் சரி, வெளிச்சம் சரி, ஆனாலும் பொம்மை பொம்மையாகவே இருக்கிறது. படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: மண். புளியங்கொட்டை அளவு சரளைக்கல் ஒன்று முன்சக்கரத்தின் பக்கத்தில் கிடக்கிறது, பத்தில் ஒரு பங்கு வண்டிக்கு அது முழுத் தேங்காய். எந்தச் சாலையில் தேங்காய் தேங்காயாகக் கல் கிடக்கும்? அருகம்புல் கோரைப் புதராக நிற்கிறது, ஒரு கட்டெறும்பு பெருச்சாளி அளவுக்குப் போகிறது. கண் இதையெல்லாம் சொல்லாமலே கணக்குப் போட்டுவிடுகிறது.

மறுநாள் அம்மாவின் கோலமாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வாளி செம்மண்ணைச் சலித்து, படம் எடுக்கிற நாலடி அகலத்துக்கு மட்டும் மாவு மாதிரி தூவி, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் வண்டியை இரண்டு முறை ஓட்டித் தடம் பதித்தோம். டயரின் முள் முள்ளான பதிவு அந்தப் பொடியில் அச்சு மாதிரி விழுந்தது. அன்றைக்கு எடுத்த படத்தைப் பார்த்து மைத்துனர், "இது எந்த ஊரு ரேஸு?" என்று கேட்டார். அதற்கு மேல் எனக்கு வேறு சான்றிதழ் வேண்டாம்.

கிட்டத்துப் படங்களுக்குக் கானாடுகாத்தானில் கூட்டாளி ஒருவனின் வீட்டுக்குப் போனேன். வளவு முற்றத்தில் காலை ஒன்பதரை வாக்கில் வெயில் நேராக இறங்காது, மேலே திறந்த வானத்திலிருந்து வெள்ளைத் துணியில் வடிகட்டின மாதிரி வெளிச்சம் வரும், ஸ்டூடியோவுக்குச் செலவே இல்லை. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்க்கிறார்கள், அந்த வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வருவது. கூட்டாளியின் ஆச்சி சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். "ஏப்பா, மண்ணோட கொண்டாந்து வைக்காதே, கல்லுல கீறல் விழுந்தா நீயா மாத்திக் குடுப்பே?" நியாயம்தானே. டயரைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விட்டேன்.

கறுப்பு வண்டி ஒரு தொல்லை. பளபளக்கிற கறுப்புக்கு என்று சொந்த நிறம் கிடையாது, எதிரே இருப்பதைத்தான் காட்டும். முதல் படத்தில் மூக்கின் மேல் என் கட்டம் போட்ட கைலி அப்படியே தெரிந்தது. இருட்டு நிறச் சட்டை, பேண்ட் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு தெர்மாகோல் பலகையைச் சாய்த்து வைத்ததும் மூக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரே வெள்ளைக் கோடு ஓடியது. வண்டியின் வளைவைக் காட்டுவது அந்தக் கோடுதான். போலரைசர் என்கிற ஃபில்டரை லென்ஸில் போட்டுத் தரையின் பளபளப்பைக் குறைக்கலாம் என்று நினைத்தேன். தரைக்கு முப்பது நாற்பது டிகிரி சாய்வில் பார்த்தால் அது வேலை செய்கிறது, சாண் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பின்னால் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டேன்.

ஃபோகஸ் இன்னொரு பாடு. 18-55-ஐ 25 செ.மீ. வரை கிட்டே கொண்டுபோகலாம், ஆனால் அங்கே எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) வைத்தால் மூக்கு மட்டும் துல்லியம், ஓட்டுநர் பனிமூட்டத்தில் இருப்பார். எஃப் 22 வரை போனால் எல்லாம் தெரிகிறது, எல்லாமே லேசாக மழுங்கலாகவும் இருக்கிறது, துளை அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் சிதறத்தான் செய்யும். முக்காலியில் வைத்து எஃப் 8-இல் மூக்கிலிருந்து பின் இறக்கை வரை ஃபோகஸை நகர்த்தி ஒன்பது படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் துல்லியமான பகுதியைக் கணினியில் ஒட்டியும் பார்த்தேன். வேலை ஜாஸ்தி, பலன் பிரமாதம். அவ்வளவு பொறுமை இல்லாத நாளில் இரண்டடி பின்னால் போய் எஃப் 11-இல் எடுத்து, வேண்டியதை மட்டும் வெட்டிக்கொள்கிறேன். 18 மெகாபிக்சல் அதற்குத் தாராளம். ஒன்று மட்டும், தூசியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். வண்டியின் மேல்கூடு பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக், அதைத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, முற்றத்தில் இருக்கிற தூசியெல்லாம் வந்து ஒட்டும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

ஓடுகிற படத்துக்கு நான் செய்த பெரிய முட்டாள்தனம், வேகமான ஷட்டர்தான் நல்லது என்று 1/2000 நொடி வைத்தது. வண்டி துல்லியமாக வந்தது, நிறுத்தி வைத்து எடுத்த மாதிரியும் இருந்தது. மணிக்கு 25 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏழு மீட்டர், பின்சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 26 சுற்று. 1/1000-இல் சக்கரம் பத்து டிகிரிகூடத் திரும்பாது. 1/125-இல் கிட்டத்தட்ட கால் சுற்று, அப்போதுதான் அது சுழல்வதாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் வண்டியும் ஐந்தரை செ.மீ. முன்னால் போய்விடுகிறது என்பதால் கேமராவும் கூடவே திரும்ப வேண்டும். கடைசியில் எங்கே பார்க்கப் போகிறோமோ அந்தப் பக்கம் காலை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் முறுக்கி, வண்டி வருவதற்கு முன்பே தொடங்கி, கிளிக் ஆன பிறகும் நிறுத்தாமல் சுற்ற வேண்டும். முதல் சாயங்காலம் 140 படத்தில் தேறியது நான்கு. பையன் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தூரத்தில் ஓட்டுகிறான் என்று புரிந்ததும் கோலமாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன், தேறியது பதினொன்று. முழுக் கறுப்பில் ஃபோகஸ் தடுமாறுகிறது, பக்கத்து ஸ்டிக்கரைக் குறி வைத்தால் பிடித்துக்கொள்கிறது.

நேருக்கு நேர் வருகிற படம் ஆசைப்பட்டு எடுத்தது. படுத்துக்கொண்டு, "நேரா வா, கடைசியில திருப்பிடு" என்றேன். திருப்பினான், மண் வழுக்கிவிட்டது. ஒன்றரைக் கிலோ வண்டி, லென்ஸ் முனையில் மாட்டியிருந்த ஹூடில் வந்து மோதியது. ஹூடில் விரிசல், என் மூக்குக் கண்ணாடி கோணல், லென்ஸ் தப்பித்தது. "மாமா, படம் விழுந்துச்சா?" என்றான் பாவி. விழவில்லை. இப்போதெல்லாம் 55-250 லென்ஸை 250-இல் வைத்துத் தூரத்திலிருந்து, முன்னால் இரண்டு செங்கல் வைத்துக்கொண்டுதான்.

தாவும் படம் அதைவிடச் சுலபம், ஏனென்றால் எங்கே தாவும் என்று முன்கூட்டியே தெரியும். பலகையைச் சாய்த்து, வண்டி பறக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒரு கல்லை வைத்து அதில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, அங்கே மட்டும் 1/1000. காற்றில் இருக்கும்போது த்ராட்டிலைக் கொடுத்தால் மூக்கு மேலே போகும், பிரேக் போட்டால் இறங்கும். பையனுக்கு இது பிடிபட்ட பிறகுதான் கிணற்றில் விழப்போகிற மாதிரி தொங்காமல் வண்டி கம்பீரமாகப் பறந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சூரியனை வண்டிக்குப் பின்னால் வைத்தால் கிளம்புகிற செம்மண் புழுதி தீப்பிடித்த மாதிரி இருக்கும். அந்தப் புழுதிக்குள் லென்ஸை மட்டும் மாற்றாதீர்கள், நான் ஒருமுறை மாற்றிவிட்டுச் சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுத்த பணத்துக்கு இன்னொரு பேட்டரி வாங்கியிருக்கலாம்.

அடுத்து ஊரணியில் தண்ணீர் வந்ததும் ஓரத்துச் சேற்றில் எடுக்க வேண்டும், அதற்கு முதலில் ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவர் பெட்டியை நனையாமல் அடைக்க வேண்டும். சல்லடை செம்மண் ஏறி நிரந்தரமாகச் சிவந்துவிட்டது. அம்மா பொங்கலுக்குள் புதுசு கேட்டிருக்கிறார்கள்.