பொடோமக் கரையில் அம்மாவும் ஆட்டுப்பாதையும்

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். பதினான்கு வயதான அக்கா மகனுக்கோ பாறை ஏறியாக வேண்டும். இருவரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மகிழ்விக்க, வாஷிங்டனுக்கு அருகே மேரிலாந்து பக்கத்து கிரேட் ஃபால்ஸ் அருவிப் பகுதியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே பொடோமக் ஆறும் பழைய செசபீக் - ஒஹாயோ கால்வாயும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன.

எல்லாரையும் ஒரே பாதையில் இழுத்துப் போவதுதான் பலர் செய்யும் தவறு. நாங்கள் பிரிந்து நடப்பதென்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டோம்.

முதலில் கால்வாய்க் கரை. கோவேறு கழுதைகள் படகுகளை இழுத்துச் சென்ற மண்பாதை அது. ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாந்து வரை 184.5 மைல். இதன்மேல் கார்ச் சாலை போடும் திட்டத்தை எதிர்த்து, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் இதன் முழு நீளத்தையும் நடந்தார். 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. அம்மா நிழலில் தடியூன்றி நிதானமாக நடந்ததைப் பார்த்தபோது, அந்த மனிதருக்கு மனதார நன்றி சொன்னேன்.

அங்கிருந்து ஓம்ஸ்டெட் தீவுக்குப் பாலங்களும் நடைமேடையும் இருக்கின்றன. படி ஏறத் தேவையில்லை; சக்கர நாற்காலியும் போகும். கடைசிப் பாலத்தில் அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கீழே பாறை இடுக்கில் நுரைத்துச் சுழன்ற தண்ணீரையே வெகுநேரம் பார்த்தபடி நின்றார். “நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்றார். மனைவி அவருக்குத் துணையாக இருந்தாள்.

நானும் மருமகனும் பில்லி கோட், அதாவது ஆட்டுக்கிடா, பாதையின் ‘ஏ’ பிரிவுக்குப் போனோம். நீளம் 1.7 மைல்தான் என்று யாரும் எளிதாக நினைத்துவிடக் கூடாது. ‘பேர்’ (Bear) என்ற தீவின் பாறைகள்மேல், வெளிர்நீல வண்ணக் குறிகளைத் தேடித் தேடி, கையும் காலும் ஊன்றிப் போக வேண்டும். நாய்களுக்கு அனுமதியில்லை, ஆற்றில் நீர் ஏறினால் பாதையையே மூடிவிடுவார்கள். முந்தின இரவு தூறல் விழுந்திருந்ததால், பாறை காயட்டும் என்று பதினொரு மணி வரை காத்திருந்தோம். கிளம்புமுன் அவன் காலணியைக் கழற்றச் சொல்லி அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தேன். தேயவில்லை என்று தெரிந்த பிறகே நடந்தோம். தேய்ந்திருந்தால் இவ்வளவு கடினமில்லாத ‘பி’ பிரிவுக்குத்தான் அழைத்துப் போயிருப்பேன்.

நடுவில் ஏறத்தாழ 50 அடி உயரப் பாறைச் சுவர். அதில் சாய்வாக ஓடும் வெடிப்புதான் வழி. பாதி ஏறியதும் அவன் நின்றுவிட்டான். “மாமா, அடுத்த காலை எங்கே வைப்பது?” குரல் நடுங்கியது. கீழே ‘மேதர் கோர்ஜ்’ (Mather Gorge) என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில் ஆறு கறுத்து ஓடிக்கொண்டிருந்தது. “இடது கையை விடாதே. வலது காலுக்குப் பக்கத்தில் ஒரு விளிம்பு இருக்கிறது, பார்” என்றேன். விரல்நுனியால் துழாவினான். காலை வைத்தான். பிறகு ஒரே மூச்சில் மேலே போய்விட்டான்.

கரைப்பாதை வழியாகத் திரும்பிச் சேர மூன்றரை மணி நேரம் ஆயிற்று. கால்வாய் ஓரத்தில், மரக்கட்டையில் வெயில் காய்ந்த ஆமைகளை அம்மா எண்ணிக்கொண்டிருந்தார். பேரனின் உள்ளங்கைச் சிராய்ப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்:

“அடுத்த வாரமும் அந்தப் பாலம் வரை போகலாமா?”