பெருமாள் மலை ஏறி மன்னவனூர் ஏரிக்கு: ஒரு சனி, ஞாயிறு

கொடைக்கானல், எங்கள் வாயில் 'கோடை', போகிறோம் என்றாலே மதுரையில் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த ஹோட்டல்ல ரூம் போட்ருக்கீங்க?" என்பதுதான். ரூம் போடாமல், கார் எடுக்காமல், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு அரசு பஸ்ஸில் ஏறிப்போய் ஒரு சிகரமும் ரெண்டு ஏரியும் பார்த்துவிட்டு ஞாயிறு ராத்திரி வீட்டில் வந்து படுக்கலாம். அதற்குக் கோடை ஊருக்குள் தங்கவே வேண்டாம். ஊரைத் தாண்டினால்தான் மலையே ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

கிளம்புவதற்கு முன்பே என் நண்பன் டென்ட் வாங்கலாமா என்று ஆரம்பித்தான். "காட்டுக்குள்ள டென்ட் அடிச்சா காலையில பாரஸ்ட்காரங்கதான்டா காபி தருவாங்க" என்றேன். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், ராத்தங்குவது அதைவிடப் பெரிய வம்பு. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் செத்துப்போனதை நம்ம பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கென்று அரசு தனியாக விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தார்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது மலைப்பாதைகளை மூடிவிடுவார்கள், அது சரிதான். நாங்கள் போனது தை மாசம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பொழுது சாய்ந்தால் பல் தந்தியடிக்கும். டென்டை மறந்துவிட்டு ஊர் வீட்டில் தங்குவதென்று முடிவானது.

விடியும் முன்பே அரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். வத்தலகுண்டில் டீ. அரசு பஸ்ஸில் போவதால் கோடைக்குள் நுழைய ஆன்லைனில் வாங்கும் இ-பாஸ் தொல்லை கிடையாது, அது சொந்த வண்டியில் வருகிறவர்கள் பாடு. டம் டம் பாறைப் பக்கம் தலையாறு அருவி எதிர்மலையில் வெள்ளைக் கோடாகத் தொங்குகிறது, கிட்டத்தட்ட 297 மீட்டர் உயரம். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதாக இருந்தால் அந்த ஒரு வளைவுக்காகப் போடலாம்.

கோடைக்கு முன்னாலேயே பெருமாள்மலை ஸ்டாப்பில் இறங்கிவிட்டோம். கீழிருந்து பார்த்தால் கூம்பாக நிற்கும் அந்தச் சிகரம் 2,200 மீட்டருக்கு மேல். மதுரை சுமார் 130 மீட்டரில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டால் வீட்டைவிடப் பதின்மூன்று டிகிரி குளிர். காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான், அதனால் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம், நின்று நின்று ஏறினால் போதும். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். எங்களோடு வந்த அண்ணன் பேச்சே இல்லாத மனுசன். ஓரிடத்தில் நின்று தரையைக் காட்டினார். காட்டுமாட்டுச் சாணி.

"இது நேத்துப் போட்டது தம்பி. இன்னிக்குப் போட்டதா இருந்தா நாம இப்பிடியே திரும்பிருவோம்."

அவ்வளவுதான் அவருடைய பாதுகாப்பு வகுப்பு. அதற்கப்புறம் என் நண்பன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

பாதையில் முக்கால்வாசி தைல மரமும் சீகை மரமும். இந்தச் சீகை நம்ம ஊர் சீயக்காய் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் மலை முழுக்க நட்டார்கள். நட்டது நின்ற இடத்தோடு நிற்கவில்லை, புல்வெளிக்குள் புகுந்து பரவிக்கொண்டே இருக்கிறது. கோடைக்கு அப்பால் இருக்கிற மேல்மலையில் மழையைப் பிடித்துவைத்து ஓடைக்குக் கொஞ்சங்கொஞ்சமாக விடுவது புல்லும் சோலையும் சேர்ந்த காடு. அது போனால் தண்ணீர் போச்சு. வைகையை நம்பி இருக்கிற ஊர்க்காரனுக்கு இது யாரோ வீட்டுப் பிரச்சினை இல்லை.

உச்சியில் நல்ல காற்று. ஒரு பக்கம் கோடை ஊரின் தகரக் கூரைகள், மறுபக்கம் கீழ்நாடு முழுக்கப் புகைமூட்டம். வைகை அணை தெரிகிறது என்று நண்பன் சத்தியம் செய்தான், எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை. புளியோதரையைத் தின்றுவிட்டு இறங்கினோம். இறக்கம்தான் முழங்காலைக் கேட்கும், ஏற்றத்தில் பீற்றிக்கொண்டவர்கள் எல்லாம் அங்கே அமைதியாகிவிடுவார்கள்.

மதியத்துக்கு மேல் கோடை போய் மேல்மலை பஸ் பிடித்தோம். பஸ்ஸில் ஆளுக்குச் சமமாக மூட்டை. பூம்பாறையில் பாதிக் கூட்டம் இறங்கியது. படிப்படியாக வெட்டிய வயலில் பூண்டு, கேரட், உருளை. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது, இங்கே குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரசாதத்தோடு ஒரு கட்டுப் பூண்டும் வாங்காமல் திரும்புவதில்லை. சிலையைச் சித்தர் போகர் செய்தார் என்பது ஊரார் நம்பிக்கை.

மன்னவனூரில் தங்கிய வீட்டு அக்கா எங்கள் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத மதுரையில போட்டுக்கங்க தம்பி. இங்க ராத்திரிக்குக் கம்பளி ரெண்டு வேணும்." ரெண்டையும் போர்த்தியும் கால் விரல் மரத்துத்தான் கிடந்தது. சாப்பாடு சோறு, உருளைக்கிழங்குக் குழம்பு, பூண்டு ரசம். அந்த ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்தோம். அடுப்படியை விட்டு நகர மனசே வரவில்லை, பேச்சு பூண்டு விலையில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் கோடைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்பதுவரை போனது. மேல்மலையில் பிரசவ வலி ராத்திரி வந்தால் என்ன செய்வார்கள் என்று அக்கா சொன்னதைக் கேட்டபிறகு 'எவ்வளவு அமைதியான ஊர்' என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. தை மாசத்தில் இங்கே உறைபனி விழும், பூட்ஸ் வைத்தால் நொறுக்கென்று சத்தம் கேட்கும். ஏரிக்குப் பக்கத்திலேயே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, 1965இலிருந்து. பாரத் மெரினோ என்கிற கம்பளி ஆடுகளும் முயல்களும் வளர்க்கிறார்கள். ஏரியில் பரிசல் விடுகிறார்கள். நாங்கள் பரிசல் ஏறவில்லை, வெயில் ஏறும்வரை கரையோரம் நடந்தோம். அதுவே போதுமாக இருந்தது. சுற்றுலா வண்டிகள் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேரும், அதற்குள் ஏரி நமக்கு.

அங்கிருந்து கூக்கால். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் காய்கறி வண்டியில் இடம் கேட்டு. கூக்கால் ஏரி சின்னது, சோலையை ஒட்டிக் கிடப்பதால் எனக்கு மன்னவனூரைவிட இதுதான் பிடித்தது. கடை கிடையாது, அதனால் குப்பையும் குறைவு. ரெண்டும் சேர்ந்தேதான் வரும் போலிருக்கிறது.

பேரிஜம் போகவில்லையா என்று கேட்பீர்கள். அழகான ஏரி, பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான். ஆனால் அனுமதி வாங்கிக் காரிலேயே போய்க் காரிலேயே திரும்ப வேண்டும். நடக்க வந்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது? கோடை ஏரியையும் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. அதுவும் நம்ம ஊர் சம்பந்தம் உள்ளதுதான்: மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் கரை போட்டு உண்டாக்கியது. அதற்கு முன்னால் 1845இல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டியவர்களும் மதுரையிலிருந்து வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி ஓடிய அமெரிக்க மிஷன்காரர்கள். மதுரைக்காரன் கோடைக்கு ஓடுவது நேற்று ஆரம்பித்த பழக்கம் இல்லை.

போகிறவர்களுக்கு: தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், அஞ்சு லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய். டார்ச், மழைக்கோட்டு, கடலை மிட்டாய், சில்லறை. மேல்மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இல்லை, ஜிபே நம்பிப் போகாதீர்கள். கூக்காலிலிருந்து திரும்பும் பஸ் நேரத்தை டிரைவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்தது வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதை. வெள்ளகவி ரொம்பக் காலம் ரோடே இல்லாமல் இருந்த மலைக்கிராமம், ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை, நாமும் கழற்றிவிட வேண்டும். புது பூட்ஸுக்கு அவ்வளவு செலவழித்துவிட்டு வெறுங்காலில் நடக்கவா என்று நண்பன் இப்போதே முறைத்துக்கொண்டு திரிகிறான்.