பதினாலு படி

ஜனவரி 4, 2020
இந்தியானாவோட கூடைப்பந்து ஆட்டம். அட்லாண்டாவுக்கு வின்ஸ் கார்ட்டர் இறங்கினான். தொண்ணூறுகளில் ஆரம்பிச்சு இது நாலாவது பத்தாண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக் என்.பி.ஏ.வில் இதுக்கு முன்னாடி யாரும் கிடையாது. அட்லாண்டா ஜெயிச்சுது, வழக்கத்துக்கு மாறா. மாடிக்குப் பதினாலு படி. ஏழாவதுல நின்னுட்டேன்.

ஜனவரி 26
வின்ஸுக்கு இன்னிக்கு 43. மதியம் செய்தி: பழைய நட்சத்திரம் கோபி பிரையன்ட் ஹெலிகாப்டர் விபத்துல போயிட்டான். ராத்திரி அட்லாண்டாவோட ட்ரே யங் கோபியோட பழைய 8-ஆம் நம்பர் ஜெர்ஸியில் வந்தான். எழுத முடியல.

பிப்ரவரி 16
தூக்கம் வரல. 2000-இல் ஓக்லாந்தில், எகிறிப் பந்தை வளையத்துக்குள்ள திணிக்கிற டங்க் போட்டியில், முழங்கை வரைக்கும் வளையத்துக்குள்ள விட்டுத் தொங்கினவன். அதே வருஷம் சிட்னி ஒலிம்பிக்ஸில் 7 அடி 2 அங்குல பிரெஞ்சுக்காரன் தலையைத் தாண்டினவன். இப்ப பெஞ்சில் துண்டைப் போட்டுக்கிட்டு, கிடைக்கிற பதினாலு பதினஞ்சு நிமிஷத்துக்குக் காத்திருக்கான். அதுலயும் சிரிக்கிறான்! டல்லஸ் அணிக்குப் போனப்பவே பெஞ்சுக்குப் பழகிட்டான், சரி. ஆனா முதல் நாள் எப்படி உட்கார்ந்தான்? டாக்டர் என்கிட்ட, "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, நாற்பது தாண்டியும் எதுக்கு இந்த ஆட்டம்?"ன்னார். பில்லைக் கட்டிட்டு வந்தேன்.

பிப்ரவரி 27
ஆபரேஷன் மார்ச் 24.

மார்ச் 11
நியூயார்க் ஆட்டத்துக்கு டிக்கெட் இருந்துச்சு. மேல் வரிசை. அவ்வளவு படி ஏற முடியாதுன்னு ஆபீஸ் தம்பிக்குக் கொடுத்துட்டேன். ஆட்டம் நடக்கும்போதே செய்தி: கொரோனாவால சீசன் நிறுத்தம். ஓவர்டைமில் தோல்வி உறுதி. கூட்டம் வின்ஸ் பேரைக் கத்துது. கடைசி இருபது நொடிக்கு இறக்கினாங்க, மூணு பாயின்ட் விழுந்துச்சு. 136–131. டிவியில்தான் பார்த்தேன்.

மார்ச் 12
தம்பி வீடியோ அனுப்பினான். முன்சீட்டுக்காரன் தொப்பி தெரியுது. பந்து தெரியல.

மார்ச் 19
அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாத்தையும் தள்ளி வச்சிருக்காங்களாம். அவசரமில்லாதது!

ஏப்ரல் 8
பார்க்கில் வளையத்தையே கழட்டிட்டாங்க. பலகையில் நாலு ஓட்டை மட்டும். பையன் அதையே குறி பார்த்து எறியறான். "அப்பா, நீங்க சேர்ல உட்கார்ந்தே போடுங்க." போட்டேன். பலகைகூடப் படல.

ஜூன் 4
நின்ன சீசனைத் தொடர ஆர்லாண்டோவுக்கு 22 அணி. இருபதே வெற்றி வச்சிருக்கிற அட்லாண்டாவை யார் கூப்பிடுவா? அப்ப அந்த மார்ச் ஆட்டம்தான் கடைசி. மேல் வரிசைக்கு லிஃப்ட் இருந்திருக்குமோ? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கல. "எத்தனை தடவைதான் அந்த டிக்கெட் கதை?"ன்னு அவ எழுந்து போயிட்டா.

ஜூன் 25
வின்ஸ் ஓய்வை அறிவிச்சுட்டான். 22 சீசன், 1,541 ஆட்டம், 25,728 புள்ளி.

ஜூன் 28
நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நடுராத்திரிக்கு மேல தண்ணிகூடக் கூடாது. பையன் பந்துக்குக் காத்தடிக்கிற ஊசியைத் தேடறான். மாடியில்தான் எங்கயோ வச்சேன்