படம் தெரிந்தது, பதிவு இல்லை

கும்பகோணத்தில் நான் நடத்திவரும் பாத்திரக் கடையில், ஆவணி முகூர்த்த நெரிசலின்போது ஒரு ஜோடிக் குத்துவிளக்கு வாங்கிச் சென்ற வாடிக்கையாளர் ஒருவர், பையில் ஒரு விளக்குதான் இருந்தது என்று மறுநாள் திரும்பி வந்தார். அவர் பொய் சொல்லும் மனிதராகத் தெரியவில்லை. இரண்டையும் தாளில் சுற்றிப் பையில் வைத்தேன் என்ற எங்கள் கடைப் பையனையும் சந்தேகிக்க மனம் வரவில்லை. கேமரா இருக்கிறதே, பார்த்துவிடலாம் என்று இருவரையும் அமர வைத்துவிட்டுப் பதிவைத் தேடினேன். முந்தைய நாளுக்கு மட்டுமல்ல, எந்த நாளுக்கும் ஒரு நிமிடப் பதிவுகூட வரவில்லை. இரண்டாவது விளக்கைக் கொடுத்து அவரை அனுப்பி வைத்தேன்.

இத்தனை நாட்களும் கல்லாவுக்கு மேலிருந்த திரையில் நான்கு கேமராக்களின் படமும் தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே எல்லாம் சரியாக இயங்குகிறது என்றே நினைத்திருந்தேன். கேமராக்களுக்கு மின்சாரம் தனிப் பெட்டியிலிருந்து போகிறது, அவற்றின் படத்தை டி.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டி வாங்கித் திரையில் காட்டுகிறது, அதே படத்தை உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது வேறொரு வேலை என்பதையும், அந்த வேலை நின்றுபோனாலும் திரையில் ஒரு மாற்றமும் தெரியாது என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன்.

முதல் தடயம் திரையின் மூலையில் இருந்தது. தேதி 2000 ஜனவரி 20 என்று காட்டியது. பல நாட்களாக அப்படியே இருந்திருக்க வேண்டும். தினமும் பார்க்கும் திரை என்பதாலேயே நான் உட்பட ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருவேளை பதிவுகள் 2000ஆம் ஆண்டின் கீழே போய் அமர்ந்திருக்குமோ என்று அந்த ஜனவரியிலும் தேடினேன், அங்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தவறான தேதியே ஓர் உதவி செய்தது. மின்சாரம் முழுதாக நின்று திரும்பும்போது கடிகாரம் 2000 ஜனவரி 1இலிருந்து ஓடத் தொடங்கியிருந்தால், இன்றிலிருந்து 19 நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் அது எந்த நாள் என்று தெரிந்துவிடும். எண்ணிப் பார்த்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்பட்ட நாள் அது. கடைசிப் பதிவும் அன்று முற்பகலோடு முடிந்திருந்ததை, எல்லாம் சரியான பிறகு பார்த்தேன். சிறு மின்வெட்டுகளை இன்வர்ட்டர் தாங்கிவிடும். அன்று அதன் பேட்டரியும் தீர்ந்துபோயிருந்தது.

சேமிப்பக மெனுவைத் திறந்தபோது, ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய வரிசை காலியாக இருந்தது. டிஸ்க் காணாமற்போனால் டி.வி.ஆர். கூவி எச்சரிக்குமே என்று அமைப்புகளைப் பார்த்தால் ஒலி அணைக்கப்பட்டிருந்தது. அதை அணைத்தவன் நானேதான்: ஒரு வருடத்துக்கு முன் ஒரு கேமராவின் ஒயர் கழன்று கூவிக்கொண்டே இருந்ததால் நிறுத்திவிட்டு, பிறகு மறந்துபோனேன்.

தொலைபேசியில் கேட்டபோது, டிஸ்க் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார் கேமரா பொருத்தித் தந்தவர். நேரில் பாராமல் சொன்ன அந்த முடிவை ஏற்க எனக்குத் தயக்கமாக இருந்தது. பழைய பதிவு அதில் இருக்கிறது என்பது ஒரு காரணம், புது டிஸ்க்கின் விலை இன்னொரு காரணம். மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்றி, எங்கள் தெருவில் டி.வி. பழுதுபார்க்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கணினியில் இணைத்ததும், இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. டி.வி.ஆர். எழுதும் முறை விண்டோஸுக்குப் புரியாததால் வரும் கேள்விதான் அது. சம்மதித்துப் பொத்தானை அழுத்தியிருந்தால் மிச்சமிருந்த பதிவும் போயிருக்கும். வேண்டாமென்று சொல்லிவிட்டு டிஸ்க்கின் உடல்நிலையை மட்டும் பார்த்தோம். 35 ஆயிரம் மணி நேரம் ஓடியிருந்த அந்த டிஸ்க்கில் பழுதான பகுதி ஒன்றுகூட இல்லை.

டேட்டா கேபிளை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. பிறகு நண்பர் டி.வி.ஆரின் மூடியைத் திறந்து வைத்து, டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் மஞ்சள் ஒயரிலும் கறுப்பு ஒயரிலும் மல்டிமீட்டரை வைத்தார். டிஸ்க்கை இணைக்காதபோது 12 வோல்ட் இருந்தது. இணைத்ததும் டிஸ்க் சுழலத் தொடங்க முயன்றது, வோல்ட் 9க்கு இறங்கியது, டிக்கென்ற ஒலியோடு சுழற்சி நின்றது, வோல்ட் மீண்டும் ஏறியது. இதுவே திரும்பத் திரும்ப நடந்தது. குற்றவாளி டிஸ்க் அல்ல, டி.வி.ஆருக்கு மின்சாரம் தரும் 2 ஆம்பியர் அடாப்டர். டி.வி.ஆரின் மற்ற பாகங்கள் 5 வோல்ட்டிலும் அதற்குக் குறைவாகவும் இயங்குபவை என்பதால் அந்த வீழ்ச்சியைப் பொறுத்துக்கொண்டன; டிஸ்க்கின் மோட்டார் மட்டும் 12 வோல்ட்டை நேரடியாக வாங்குவது, அதிலும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் சில நொடிகளுக்கு ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுப்பது. ஓடிக்கொண்டிருந்தவரை நலிந்த அடாப்டரே அதற்குப் போதுமானதாக இருந்தது. பராமரிப்பு நாளன்று நின்றபின் டிஸ்க்கால் எழுந்திருக்க முடியவில்லை. காற்றுப் புகாத மர அலமாரிக்குள், டி.வி.ஆரின் சூட்டிலேயே வைத்திருந்த அடாப்டரைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மின்னோட்டத்தைச் சீராக்கும் கெபாசிட்டர் ஒன்றின் தலை உப்பியிருந்தது.

அதே 12 வோல்ட்டில், பின்னின் துருவமும் பொருந்தும்படி, 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கினோம். வோல்ட் மாறக்கூடாது, ஆம்பியர் கூடுதலாக இருப்பதில் தவறில்லை என்றார் நண்பர். போர்டிலிருந்த சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியையும் மாற்றினோம். அது தீர்ந்துபோனதால்தான் கடிகாரம் 2000க்குத் தாவியிருந்தது. டிஸ்க்கை இணைக்கும் முன்பே தேதியையும் நேரத்தையும் சரிசெய்துவிட்டோம். இல்லையென்றால் புதுப் பதிவும் தவறான ஆண்டின் கீழ் போயிருக்கும். டிஸ்க் சுழன்றது, பட்டியலிலும் வந்தது. இடையில் எதுவும் எழுதப்படாததால், பராமரிப்பு நாளுக்கு முந்தைய பதிவுகள் அழியாமல் அப்படியே இருந்தன.

அவை 11 நாட்களுக்கு மட்டுமே இருந்தது எனக்கு இன்னோர் அதிர்ச்சி. ஒரு மாதப் பதிவு இருக்கும் என்று நம்பியிருந்தேன். கணக்கு எளிதானது: ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்றால் நான்குக்கும் 8 மெகாபிட், அதாவது நொடிக்கு 1 மெகாபைட், நாளொன்றுக்கு 86 ஜி.பி.யைத் தாண்டும். 1 டி.பி., அதாவது 1,000 ஜி.பி. டிஸ்க்கில் 11 நாட்களுக்கு மேல் எப்படி இடம் இருக்கும்? ஆள் நடமாட்டம் குறைந்த கிடங்குக் கேமராக்கள் இரண்டையும் அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி மாற்றியபின் நாட்கள் கூடியிருக்கின்றன.

இப்போது அடாப்டர் அலமாரிக்கு வெளியே, சுவரில் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் முந்தைய நாட்களின் பதிவில் ஏதாவது ஒரு நிமிடத்தை ஓடவிட்டுப் பார்க்கிறேன். சென்ற மாதப் பராமரிப்பு நாளன்று மின்சாரம் திரும்பும்வரை கடையிலேயே காத்திருந்து, டிஸ்க் சுழலும் மெல்லிய ஒலியைக் கேட்ட பிறகுதான் சாப்பிடப் போனேன். எச்சரிக்கை ஒலியையும் திரும்பப் போட்டுவிட்டேன்; எலி கடித்து ஒரு கேமராவின் ஒயர் அறுந்ததால் நேற்று முதல் கூவிக்கொண்டிருக்கிறது, கடைப் பையன் முகம் சுளிக்கிறான், ஒயர் மாற்றும்வரை அணைப்பதாக இல்லை.