ஹனோயில் ஹோ சி மின்: நினைவிடத்தைவிட மரவீடுதான் முக்கியம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். தன் உடலை எரித்துச் சாம்பலை வடக்கிலும் மத்தியிலும் தெற்கிலும் உள்ள குன்றுகளில் புதைக்கும்படி உயில் எழுதிவைத்த மனிதர், வியட்நாமின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின். அவரைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பேழையில் கிடத்தியிருக்கிறார்கள். அதற்காகவே 1975-ல் திறந்த மாபெரும் நினைவிடம் பா தின் சதுக்கத்தில் நிற்கிறது.

1945 செப்டம்பர் 2 அன்று அவர் விடுதலைப் பிரகடனத்தை வாசித்த சதுக்கம் அது. 1969-ல் அதே தேதியில் இறந்தார். தேசிய நாளில் துக்கம் வேண்டாமென்று ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு நாள் தள்ளி அறிவித்தது. உண்மைத் தேதியையும் எரிக்கச் சொன்ன விருப்பத்தையும் 1989-ல்தான் வெளியிட்டார்கள். இருபது ஆண்டுகள்! ஒரு மனிதரின் கடைசி ஆசையை இப்படியா மறைப்பது?

அங்கே போக, தெருவில் நிற்கும் டாக்சியில் ஏறாதீர்கள். பழைய நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லை; மீட்டர் தாறுமாறாக ஓடி 2,00,000 டாங் காட்டியது. நம் பணத்தில் அறுநூறு ரூபாய்க்கு மேல். எவ்வளவு வாதாடியும் ஓட்டுநர் ஒரு டாங்கூடக் குறைக்கவில்லை. பகல் கொள்ளை. திரும்பும்போது செயலியில் பிடித்த பைக்குக்கு 30,000 டாங்தான் ஆனது.

நினைவிடத்தைக் காலையில் மட்டுமே திறப்பார்கள். திங்கள், வெள்ளி விடுமுறை. அரைக்கால் சட்டை கூடாது. உள்ளே வெள்ளைச் சீருடைக் காவலர்கள் ஒரு நொடிகூட நிற்க விடுவதில்லை.

வெளியே வந்ததும் அவர் வாழ்ந்த மரவீட்டுக்கு டிக்கெட் எடுங்கள். பிரெஞ்சு கவர்னர் ஜெனரலின் மஞ்சள் மாளிகை பக்கத்திலேயே இருக்கிறது. 1954-ல் ஹனோய் கைக்கு வந்தபோது ஹோ சி மின் அதில் குடியேற மறுத்து, அதே வளாகத்தில் எலெக்ட்ரீஷியன் இருந்த சிறிய வீட்டில் தங்கினார். 1958-ல் குளக்கரையில், தூண்கள்மேல் நிற்கும் இந்த மரவீட்டைக் கட்டிக்கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட காலத்தில் அவர் வாழ்ந்த வடக்கு மலைப்பகுதி வீடுகளின் பாணி அது. மேலே இரண்டே அறைகள்: ஒன்றில் கட்டில், மற்றொன்றில் எழுதும் மேசை. கீழ்த்தளத்துக்குச் சுவரே இல்லை. நீள மேசையைச் சுற்றி நாற்காலிகள், ஓரத்தில் தொலைபேசிகள், ஓர் இரும்புத் தொப்பி. அமெரிக்க விமானங்கள் குண்டு வீசிய ஆண்டுகளில் போரைப் பற்றிய ஆலோசனைகள் இங்கேதான் நடந்தன. அந்தத் தொப்பியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவரைத் தெய்வமாக்க நான் தயாரில்லை. 1950-களின் நிலச் சீர்திருத்தத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 1956-ல் தவறு நடந்ததாக அரசே ஒப்புக்கொண்டது. அதையும் தெரிந்துகொண்டே போங்கள். ஆனால் அதிகாரத்தின் உச்சியில் இருந்துகொண்டு இரண்டு அறை போதும் என்று வாழ்ந்ததை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

மதியம் நடைபாதைக் கடையில் புன் சா. கரியடுப்பில் சுட்ட பன்றி இறைச்சி, புளிப்பும் இனிப்புமான மீன் சாறு, அரிசிச் சேமியா, ஒரு கூடை நிறையப் பச்சை இலைகள். ஹனோயில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் முதலிடம். விலையும் பட்ஜெட்டை இடிக்காது. மதியத்துக்குள் தீர்ந்துவிடும், பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள்.