பள்ளி மானியம் எந்த மாதம் வருகிறது என்று கேட்டவர்கள்

டெல்லி திங்க் டேங்க்குகள், அதாவது அரசுக் கொள்கைகளை ஆராயும் அமைப்புகள், என்றாலே ஏசி அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவர்கள் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1973-இல் தொடங்கிய சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அக்கவுன்டபிலிட்டி இனிஷியேட்டிவ் என்று ஒரு பிரிவு இருந்தது. அவர்கள் கேட்டது சாதாரணக் கேள்விதான்: பட்ஜெட்டில் ஒதுக்கிய மானியம் பள்ளிக்கூடத்துக்கு எப்போது போய்ச் சேருகிறது? பள்ளிகளுக்கே ஆள் அனுப்பித் தலைமை ஆசிரியர்களிடம் விசாரித்தார்கள். பல இடங்களில் நிதியாண்டு பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் பணம் வந்திருந்தது. சாக்பீஸ், ரிப்பேர், வெள்ளையடிப்பு எல்லாம் ஜூன் மாதத் தேவைகள். பணமோ கடைசியில் வருகிறது, மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்கும் காட்டியாக வேண்டும், அப்புறம் அந்த ஹெச்.எம். பள்ளிக்கு எது தேவை என்று பார்ப்பாரா, எதற்குச் சீக்கிரம் பில் கிடைக்கும் என்று பார்ப்பாரா? ஒதுக்கீட்டை மட்டும் படித்தால் இது தெரியவே தெரியாது.

அந்த நிறுவனத்துக்கு 2022 செப்டம்பரில் வருமான வரித் துறையினர் வந்தார்கள். 2023 பிப்ரவரியில் வெளிநாட்டு நிதி பெறும் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது, 2024 ஜனவரியில் ரத்து. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அறிக்கைகளை வெளியிடுவது நடப்பு விவகார நிகழ்ச்சி நடத்துவதற்குச் சமம் என்பது! ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிடாமல் வேறென்ன செய்யும்? சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போய், பெரும்பாலான ஆய்வாளர்கள் வெளியேறினார்கள்.

வெளிநாட்டுப் பணம் என்பதால் கேள்வி கேட்கக் கூடாதா என்றால், தாராளமாகக் கேட்க வேண்டும். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது, அரசோடு என்ன உறவு என்று எல்லா திங்க் டேங்க்குகளிடமும் கேட்க வேண்டும். விவேகானந்தா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷனின் முதல் இயக்குநர் அஜித் தோவல், 2014-இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார். அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ரிலையன்ஸ் ஆதரவில் வளர்ந்தது, இன்று வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்ந்து ரைசினா என்ற சர்வதேச விவகார மாநாட்டை நடத்துகிறது. 2013-இல் தொடங்கிய விதி சென்டர் ஃபார் லீகல் பாலிசி 2016-இன் திவால் சட்டம், ஆதார் சட்டம் இரண்டின் வரைவு வேலையிலும் உதவியிருக்கிறது. திறமையானவர்கள், சந்தேகமில்லை. அரசு அலுவலகங்களில் சட்டம் வரைவதற்கெல்லாம் போதிய ஆள் இல்லை என்பதும் உண்மை.

என் கோரிக்கை இதுதான். மசோதா வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-லேயே மத்திய அரசு முடிவெடுத்தது. அந்த வரைவின் முதல் பக்கத்திலேயே, அதை எழுத உதவிய வெளி அமைப்புகள் எவை, அவற்றுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதையும் போடுங்கள்.